மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வளர்ச்சியும் மறுவாழ்வு முகாம் மாணவர்களின் உயர்கல்வியும்

முன்னுரை

பல்கலைக்கழகங்களின் வளர்ச்சியை அளப்பதற்கு இன்று பல அளவுகோல்கள் வழக்கில் உள்ளன. துறைகளின் எண்ணிக்கை, ஆய்வேடுகளின் எண்ணிக்கை, தரமதிப்பீட்டுக் குழு வழங்கும் புள்ளி, தேசியத் தரவரிசையில் பெறும் இடம் ஆகியன அவற்றுள் சில. ஒரு வட்டாரத்து மக்களுக்காகவே பொதுப்பணத்தில் தோற்றுவிக்கப்பட்ட பல்கலைக்கழகத்திற்கு இவற்றோடு வேறோர் அளவுகோலும் பொருந்தும். தன் எல்லைக்குள் வாழ்வோருள் உயர்கல்வியை எட்டுவதற்கு மிகவும் இடர்ப்படுவோர் யாவர், அவர்களுக்காக அப்பல்கலைக்கழகம் தன் விதிகளில் என்ன இடம் வகுத்துள்ளது என்பதே அவ்வளவுகோல்.

இக்கட்டுரை அதனைக் கொண்டு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தை நோக்குகிறது. எடுத்துக்கொண்ட பொருள், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் பிறந்து வளர்ந்த மாணவர்களின் உயர்கல்வி. இம்மாணவர்களுக்கு நாற்பது ஆண்டுகளாகக் கிடைத்துவரும் உதவி பெரிதும் மாநில அரசின் நலத்திட்டமாகவே அமைந்துள்ளது. அரசியல் சூழல் மாறும்போதெல்லாம் அது கூடியும் குறைந்தும், ஒரு கட்டத்தில் நின்றும் போயிருக்கிறது. அவ்வாறு மாறிவரும் உதவியைப் பல்கலைக்கழகம் தன் சொந்த விதியாக்கிக் கொள்ள வேண்டும் என்பதும், அதற்கான அதிகாரமும் கடமையும் அதற்கு உண்டு என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்துகள்.

தெற்கிற்கென எழுந்த பல்கலைக்கழகம்

தென் மாவட்டங்களின் கல்லூரிகள் நெடுங்காலம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. நெல்லையிலும் இராமநாதபுரத்திலும் பயின்ற மாணவர் தம் தேர்வு, சான்றிதழ், மேற்படிப்பு ஆகிய அனைத்திற்கும் சென்னையையே எதிர்நோக்க வேண்டியிருந்தது. இந்நிலையை மாற்றும் பொருட்டு 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மதுரைப் பல்கலைக்கழகம் உருவாக்கப்பட்டு, 1966-இல் இயங்கத் தொடங்கியது. முதல் துணைவேந்தராகப் பொறுப்பேற்றவர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார். அவரை அடுத்து 1971-இல் மு. வரதராசனாரும், பின்னர் வ.சுப. மாணிக்கனாரும் அப்பொறுப்பை ஏற்றனர். தமிழறிஞர் மூவர் துணைவேந்தராக அமர்ந்த பெருமை இப்பல்கலைக்கழகத்திற்கு உண்டு. 1978-இல் இது காமராசர் பெயரைத் தாங்கியது. பள்ளியின் வாயிலை ஏழைக் குழந்தைகளுக்குத் திறந்துவிட்ட தலைவரின் பெயர், உயர்கல்வி நிறுவனம் ஒன்றிற்குச் சூட்டப்பட்டபோது அதனோடு ஒரு பொறுப்பும் சேர்ந்தே வந்தது எனலாம்.

பின்வந்த பத்தாண்டுகளில் இதன் வளர்ச்சி விரைவானது. 1971-இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி, கல்லூரிக்குச் செல்ல இயலாத ஆசிரியர், அலுவலர், இல்லத்தரசியர், தொழிலாளர் எனப் பல்லாயிரவரைப் பட்டதாரிகள் ஆக்கியது. உயிரியல் புலம் நாடறிந்த ஆய்வுக்களமாயிற்று. பல்கலைக்கழக மானியக் குழு இதனை உயர்சிறப்புக்கு வாய்ப்புள்ள பல்கலைக்கழகங்களுள் ஒன்றாகத் தேர்ந்தது. நாகமலைக்கு மேற்கே, தேனிச் சாலையில் அமைந்த பல்கலை நகரில் இன்று 20 புலங்கள் உள்ளன.

எல்லை மட்டும் சுருங்கியது. 1990-இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தோன்றியதும் தென்கோடி மாவட்டங்கள் அதனோடு சேர்ந்தன. பின்னர் இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டக் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. இப்போது மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் ஆகிய நான்கு மாவட்டங்களே எஞ்சியுள்ளன. தொலைநிலைக் கல்வியின் வருவாய் குறைந்தபின் ஊதியத்திற்கும் ஓய்வூதியத்திற்கும் இப்பல்கலைக்கழகம் படும் நெருக்கடி அனைவரும் அறிந்ததே. இத்தகைய வேளையில் புதியதொரு பொறுப்பைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் வினா எழும். அதற்கான விடை பின்னர்த் தரப்படும்.

கரையேறியவர்களும் கல்விச் சலுகைகளும்

1983 சூலைக் கலவரத்தை அடுத்து இலங்கைத் தமிழர் கடல் கடந்து வரத் தொடங்கினர். அவர்கள் கரையேறிய இராமேசுவரமும், முதலில் தங்கவைக்கப்பட்ட மண்டபமும் அந்நாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் இருந்த மாவட்டத்தைச் சார்ந்தவை. எனவே, தமிழகத்துப் பல்கலைக்கழகங்களுள் இச்சிக்கலை முதலில் தன் எல்லைக்குள் கண்டது இதுவே.

நடுவண் உள்துறை அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகளின்படி 1983 சூலைக்கும் 2012 ஆகஸ்டுக்கும் இடையில் 3,04,269 பேர் இவ்வாறு வந்தனர். பலர் திரும்பினர், பலர் வேறு நாடுகளுக்குச் சென்றனர். எஞ்சியோருள் ஏறத்தாழ 58,000 பேர் தமிழகத்தின் 29 மாவட்டங்களில் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களிலும், ஏறத்தாழ 34,000 பேர் முகாம்களுக்கு வெளியிலும் வாழ்வதாக 2021-இல் அரசு கணக்குக் காட்டியது. மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் ஆகிய மூன்று இடங்களில் முகாம்கள் உள்ளன. திண்டுக்கல் மாவட்டத்துத் தோட்டனூத்தும் விருதுநகர் மாவட்டத்துக் குல்லூர்ச்சந்தையும் இப்பல்கலைக்கழக எல்லைக்குள் அமைந்த வேறு இரு முகாம்கள்.

இவர்கள் நாடு நீங்கியதற்கான காரணங்களுள் கல்வியும் ஒன்று என்பது கருதத்தக்கது. 1971-இல் இலங்கை அரசு பல்கலைக்கழக அனுமதியில் புகுத்திய தரப்படுத்தல் முறையால், தமிழ் மாணவர் பிறரைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றால்தான் அறிவியல், மருத்துவம், பொறியியல் படிப்புகளில் இடம்பெற முடியும் என்னும் நிலை ஏற்பட்டது. ஈழத்து இளைஞர்களின் உள்ளத்தில் கசப்பை விதைத்தவற்றுள் அது முதன்மையானது. 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது. பல்கலைக்கழக இடத்தையும் நூலகத்தையும் இழந்த மக்கள் தமிழகத்திற்கு வந்தபோது, அவர்கள் வேண்டியவற்றுள் கல்வி முன்னின்றதில் வியப்பில்லை. 1984-இல் சா.செ. சந்திரகாசன் தலைமையில் தோன்றிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் தொடக்கம் முதலே மாணவர் கல்வியைத் தன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது.

தமிழக அரசும் எண்பதுகளில் உயர்கல்வி இடங்களை இம்மாணவர்களுக்குத் திறந்துவிட்டது. 1991 மே மாதத்தில் நிகழ்ந்த இராஜீவ் காந்தி படுகொலைக்குப்பின் அச்சலுகைகள் திரும்பப் பெறப்பட்டன. கல்வி நிறுவனங்களில் சேர்வதே தடைப்பட்டது. படுகொலையோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத சிறுவரும் இளைஞரும் அதன் விலையைத் தம் படிப்பால் கொடுத்தனர். பின்னர்த் தடை தளர்ந்து, 1996-க்குப்பின் சலுகைகள் மீண்டன. இடையில் கழிந்த ஆண்டுகளில் படிப்பை இழந்த தலைமுறைக்கு அவ்வாண்டுகள் மீளவில்லை.

2021 ஆகஸ்டு 27 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்த 317.40 கோடி ரூபாய்த் திட்டம் இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். முகாம்களின் பெயர் மறுவாழ்வு முகாம் என மாறியது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டும் பணி தொடங்கியது. தோட்டனூத்தில் 2022 செப்டம்பரில் 321 வீடுகள் திறக்கப்பட்டன. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், பிற பெரியவர்களுக்கு 1,000 ரூபாய், சிறுவர்களுக்கு 500 ரூபாய் எனப் பணக்கொடை உயர்ந்தது. பொறியியலில் மதிப்பெண் அடிப்படையில் தேர்வாகும் முதல் 50 மாணவர்களுக்கும், முதுகலை பயில்வோருக்கும் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என அறிவிக்கப்பட்டது. இவை பாராட்டுக்குரியவை. எனினும் இவை யாவும் அரசின் கொள்கை முடிவுகள். 1991-இல் ஓர் ஆணை அனைத்தையும் நிறுத்தியது போன்ற நிலை மீண்டும் நேராது என்பதற்கு எந்தப் பல்கலைக்கழகத்தின் விதிநூலிலும் காப்பு இல்லை.

இரண்டு கட்டங்களுக்கு வெளியே

இன்று இளங்கலை முதலாண்டில் சேரும் முகாம் மாணவர் பெரும்பாலும் 2004-க்குப்பின் தமிழகத்திலேயே பிறந்தவர். இலங்கையை அவர் கண்டதில்லை. பாட்டியின் பேச்சிலும் தாயின் சமையலிலும் மட்டுமே அந்நாடு அவருக்கு அறிமுகம். அரசுப் பள்ளியில் தமிழகப் பாடநூலைப் படித்து, பிற மாணவர்களோடு ஒரே பொதுத்தேர்வை எழுதி வருகிறார். ஆயினும், குடியுரிமைச் சட்டத்தில் 2003-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2004 திசம்பர் 3-க்குப்பின் பிறந்தவரின் பெற்றோருள் ஒருவர் சட்டத்திற்குப் புறம்பாகக் குடியேறியவர் எனக் கருதப்பட்டாலே பிறப்புவழிக் குடியுரிமை கிட்டாது. முகாமைச் சார்ந்தவர் உள்ளூர்க்காரரை மணந்து பெற்ற பிள்ளைக்கும் இத்தடை உண்டு. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இலங்கையைத் தன் பட்டியலில் சேர்க்கவில்லை. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை.

நீதிமன்றங்கள் அவ்வப்போது கதவைச் சற்றே திறந்துள்ளன. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2019 சூனில் வழங்கிய தீர்ப்பில், இந்திய வம்சாவளியினரான முகாம்வாசிகளின் குடியுரிமை விண்ணப்பங்களை உரியவாறு ஆராயுமாறு அறிவுறுத்தியது. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022-இல் அதே கிளை ஆணையிட்டது. 1987 சூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள் என்பதே அவ்வாணையின் அடிப்படை. அந்நாளுக்குப்பின் பிறந்த இன்றைய மாணவருக்கு அவ்வழி இல்லை. 2015 சனவரி 9 வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்களித்து 2025-இல் நடுவண் அரசு பிறப்பித்த ஆணை, அச்சத்தை ஓரளவு நீக்கியது, குடியுரிமையைத் தரவில்லை.

இச்சட்டநிலை பல்கலைக்கழக அலுவலகத்திற்குள் நுழையும்போது சிக்கல் கூர்மையாகிறது. பொதுவாக விண்ணப்பப் படிவங்கள் மாணவரை இந்தியர், அயல்நாட்டவர் என இரண்டு கட்டங்களுள் ஒன்றில் அடைக்கின்றன. முகாம் மாணவர் இந்தியர் என எழுதினால் சான்று கேட்கப்படும். அயல்நாட்டவர் என எழுதினாலும் சான்று கேட்கப்படும். பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, உயர்கல்வி நிறுவனங்கள் தம் அனுமதி எண்ணிக்கைக்கு மேல் 25 விழுக்காடு வரை கூடுதல் இடங்களை அயல்நாட்டு மாணவர்களுக்கென உருவாக்கலாம். அயல்நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரே அந்நெறிமுறைகளில் அயல்நாட்டு மாணவர் ஆவார். முகாமில் பிறந்தவரிடம் எந்நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லை. பணம் செலுத்திப் பயில வரும் வெளிநாட்டவருக்காகத் திறக்கப்பட்ட கதவும் இவருக்கு மூடியே உள்ளது.

முதுகலையைத் தாண்டினால் இடர் மிகுகிறது. இளநிலை ஆய்வு உதவித்தொகை இந்தியக் குடிமக்களை நோக்கி அமைந்தது. உதவித்தொகையின்றி முனைவர் பட்ட ஆய்வை நான்கைந்து ஆண்டுகள் மேற்கொள்வது எளிய குடும்பங்களுக்கு இயலாத செயல் என்பதை ஆய்வு மாணவர் எவரும் அறிவர். பெற்றோர் பெயின்ட் அடிக்கும் வேலைக்கோ கட்டட வேலைக்கோ நாட்கூலியாகச் செல்லும் முகாம் குடும்பத்தில் அது எண்ணிப் பார்க்கவும் இயலாதது. இதனோடு, குறித்த நாள்களில் முகாமில் நடைபெறும் தலைக்கணக்கெடுப்பிற்கு நேரில் நிற்க வேண்டும் என்னும் கட்டாயமும் சேர்கிறது. களப்பணிக்காகவோ கருத்தரங்கிற்காகவோ வெளியூர் செல்வதற்கும் இசைவு பெற வேண்டும். சுவடியைத் தேடி ஊர் ஊராகச் சென்ற மரபைப் போற்றும் நம் துறையில், ஆய்வாளர் ஒருவர் பக்கத்து மாவட்டம் செல்லவே விண்ணப்பம் எழுத வேண்டியிருப்பது சிந்திக்கத்தக்கது.

தமிழியல் பட்ட கடன்

இச்சிக்கல் அனைத்துத் துறைகளுக்கும் பொதுவானதே. எனினும் தமிழ்த்துறைக்கு இதில் தனிக்கடப்பாடு உண்டு. தமிழாய்வின் நவீன வரலாற்றை ஈழத்தவரை நீக்கிவிட்டு எழுத முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவர். அவர்களுள் ஒருவரான சி.வை. தாமோதரம்பிள்ளை பின்னாளில் தொல்காப்பியம் சேனாவரையம், வீரசோழியம், கலித்தொகை முதலியவற்றைப் பதிப்பித்து அச்சுலகிற்குத் தந்தார். மட்டக்களப்பைச் சார்ந்த விபுலானந்தர் 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறினார்; பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1964-இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றக் காரணமானவர் தனிநாயக அடிகள். அம்மன்றத்தின் ஐந்தாம் மாநாடு 1981-இல் மதுரையில் நடந்தபோதுதான் இந்நகரில் உலகத் தமிழ்ச் சங்கம் அமைப்பது பற்றிய அறிவிப்பு வந்தது. ஈழத்து மாணவர் ஒருவரைத் தேர்வெழுத அனுமதித்ததால் மதுரைத் தமிழ்ச் சங்கம் பெற்றதன்றி இழந்தது ஒன்றுமில்லை.

இன்றோ நம் பாடத்திட்டம் இக்கடனை ஒரு பக்கமாகவே அடைக்கிறது. முதுகலைத் தமிழில் புலம்பெயர் இலக்கியம் கற்பிக்கப்படுகிறது. பாரிசிலும் டொரன்டோவிலும் இலண்டனிலும் வாழும் ஈழத்தவரின் படைப்புகளை மாணவர் பயில்கின்றனர், ஆய்வேடுகளும் எழுதுகின்றனர். அவ்வாய்வேடுகள் எழுதப்படும் இடத்திலிருந்து சில கல் தொலைவில் உள்ள ஆனையூரும் உச்சப்பட்டியும் அப்பாடத்தில் அரிதாகவே இடம்பெறுகின்றன. தொ. பத்திநாதன் எழுதிய 'போரின் மறுபக்கம்' போன்ற, முகாம் வாழ்க்கையை உள்ளிருந்து பதிவு செய்த நூல்கள் உள்ளன. மன்னார், வவுனியா, திருகோணமலை வட்டாரப் பேச்சுவழக்குகளும் மலையக வழக்கும் மதுரைத் தமிழோடு கலந்து மூன்றாம் தலைமுறையிடம் எவ்வாறு மாறியுள்ளன என்பது மொழியியலுக்குரிய அரிய களம். தாலாட்டு, ஒப்பாரி, விடுகதை, சடங்கு ஆகியவற்றுள் கடல் கடந்தும் தங்கியவை எவை, கரைந்தவை எவை என்பது நாட்டாரியலுக்குரியது. இவற்றை ஆராயத் தகுதி மிக்கவர் அம்முகாமிலேயே வளர்ந்த மாணவர். அவர் ஆய்வாளராக வரும் வழி அடைபட்டிருக்கும்வரை, முகாம் நம் ஆய்வுக்குத் தரவு வழங்கும் இடமாக மட்டுமே நிற்கும்.

திருவாதவூரை மாணிக்கவாசகர் பிறந்த ஊராகவும், கபிலர் பிறந்த ஊராகவும் மரபு போற்றுகிறது. பறம்பு வீழ்ந்து பாரி மாய்ந்தபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்றதைப் புறநானூறு காட்டும். அவர் அவ்வேந்தர்களிடம் உணவோ பொருளோ கேட்கவில்லை. மகளிரை மணந்துகொள்ளுமாறு, அதாவது தம் குடியில் உரிமையுடைய உறுப்பினராக ஏற்குமாறு வேண்டினார். இருவரும் மறுத்தனர். நாடிழந்தோருக்கு உதவுவதற்கும் அவர்களைத் தம்முள் ஒருவராக ஏற்பதற்கும் உள்ள வேறுபாட்டை இப்பாடல்களை ஆண்டுதோறும் கற்பிக்கும் துறை மறத்தல் ஆகாது. கபிலரின் ஊரில் இன்று ஒரு முகாம் இருப்பது தற்செயலே. எனினும் அங்கிருந்து வரும் மாணவர் புறநானூற்றை வகுப்பில் பயிலும்போது அந்த வேண்டுகோள் வேறு ஒலி பெறும்.

முன்மாதிரிகள்

ஏதிலியரை மாணவராக ஏற்பதற்குப் பல்கலைக்கழகங்கள் தம் விதிகளை மாற்றிக்கொண்டமைக்கு இந்திய வரலாற்றிலேயே சான்றுகள் உள்ளன. 1947 பிரிவினையை அடுத்து இலாகூரிலிருந்து பிரிந்து உருவான கிழக்குப் பஞ்சாபுப் பல்கலைக்கழகம், தில்லிக்கு இடம்பெயர்ந்து வந்த மாணவர்களுக்கென முகாம் கல்லூரி ஒன்றைத் தொடங்கியது. பகலில் பிழைப்பிற்கு உழைத்தோர் மாலையில் பயில அது வழிசெய்தது. அப்பல்கலைக்கழகமே அந்நாளில் தன்னுடைய கட்டடங்களை இழந்து நின்றது என்பது நினைவுகொள்ளத்தக்கது. 1952-இல் தில்லியில் மறுவாழ்வு அமைச்சகமே தேசபந்து கல்லூரியை நிறுவியது. திபெத்தியருக்கென 1967-இல் சாரநாத்தில் தொடங்கப்பட்ட உயர்கல்வி நிறுவனம் 1988-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அவர்களின் மொழியும் நூல்மரபும் அங்குக் காக்கப்படுகின்றன.

உலக அளவில், ஏதிலி இளைஞருள் 15 விழுக்காட்டினரை 2030-க்குள் உயர்கல்வியில் சேர்ப்பது என்னும் இலக்கை ஐக்கிய நாடுகள் அவையின் அகதிகள் முகமை வகுத்துள்ளது. அவ்விலக்கே இத்துணைச் சிறிதாக இருப்பது சிக்கலின் ஆழத்தைக் காட்டும். தமிழகத்தின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்கெடுப்பின்படி 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. பாதியளவு இளைஞரை உயர்கல்விக்குள் கொணர்ந்த மாநிலம், தன்னிடம் அடைக்கலம் புகுந்தோரின் பேரப்பிள்ளைகளையும் அதே விகிதத்தில் கொணர முயல்வது பொருத்தமானது.

செய்யத்தக்கவை

பல்கலைக்கழகத்தால் குடியுரிமை வழங்க இயலாது. தன் அனுமதி, கட்டணம், வருகைப்பதிவு, ஆய்வு உதவி ஆகியவற்றைத் தன் ஆட்சிக்குழு, கல்விப் பேரவை வழியே வகுத்துக்கொள்ள இயலும். அந்த எல்லைக்குள் ஐந்து செயல்களை இக்கட்டுரை பரிந்துரைக்கிறது.

முதலாவது, விண்ணப்பப் படிவத்தில் மூன்றாவது கட்டம் ஒன்று வேண்டும். மறுவாழ்வு முகாம் மாணவர் என்பதே ஒரு வகையாக ஏற்கப்பட்டு, முகாம் அடையாள அட்டை போதிய சான்றாகக் கொள்ளப்பட வேண்டும். முகாமிற்கு வெளியே பதிவு பெற்று வாழ்வோருக்கும் இது பொருந்த வேண்டும். கட்டணத்தில் இவர்கள் தமிழக மாணவராகவே கருதப்பட வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு முதுகலைப் பாடப்பிரிவிலும் அனுமதி எண்ணிக்கைக்கு மேல் ஓர் இடம் இவர்களுக்கென உருவாக்கப்பட வேண்டும். இணைவுக் கல்லூரிகளுக்கும் இதனைப் பரிந்துரைக்கலாம். கூடுதல் இடம் என்பதால் எவருடைய இட ஒதுக்கீடும் குறையாது.

மூன்றாவது, முனைவர் பட்ட ஆய்வில் சேரும் முகாம் மாணவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் அறக்கட்டளை நிதிகளிலிருந்து ஆய்வு உதவித்தொகை வழங்கப்பட வேண்டும். ஆண்டுக்கு இருவருக்கு வழங்கினாலும் அது ஒரு தொடக்கம். அயலகத் தமிழர் நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் இதற்கெனத் தனி நிதி அமைக்க முன்வரக்கூடும்.

நான்காவது, கணக்கெடுப்பு நாளில் வகுப்பிற்கு வர இயலாதவருக்கு வருகைப்பதிவில் விலக்களிக்க வேண்டும். களப்பணிக்குச் செல்லும் ஆய்வாளருக்கு ஆண்டு முழுமைக்குமான இசைவு பெற்றுத்தரப் பதிவாளர் அலுவலகமே மாவட்ட நிருவாகத்திற்கு எழுத வேண்டும். மாணவர் தனியே அலுவலகம் அலுவலகமாக நடப்பதைக் காட்டிலும் பல்கலைக்கழகத்தின் ஒரு கடிதம் விரைந்து பயன்தரும். மதுரையின் கே.கே. நகர்ப் பகுதியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் உலகத் தமிழ்ச் சங்கமும் அதிகத் தொலைவின்றி அமைந்துள்ளன. ஈழத்தமிழரின் கோப்பு முன்னதிலும் ஈழத்தமிழரின் புகழ் பின்னதிலும் பேணப்படுகின்றன. இரண்டையும் இணைத்துப் பேசும் பொறுப்பைப் பல்கலைக்கழகம் ஏற்கலாம்.

ஐந்தாவது, தமிழ்த்துறை தன் பாடத்திட்டத்தில் முகாம் இலக்கியத்திற்கும் வாய்மொழி வரலாற்றிற்கும் இடம் தர வேண்டும். முதல் தலைமுறையினர் மறைந்துகொண்டிருக்கின்றனர். 1983-இல் முப்பது வயதில் படகேறியவருக்கு இன்று எழுபது கடந்துவிட்டது. அவர்தம் நினைவுகளைத் தொகுக்கும் பணி இனியும் தள்ளிப்போடத்தக்கதன்று.

தடைகளும் விடைகளும்

இப்பரிந்துரைகளுக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். நிதி இல்லை என்பது ஒன்று. முதுகலை இடம் ஒன்றைக் கூடுதலாக உருவாக்குவதால் ஆசிரியரோ வகுப்பறையோ கூட வேண்டியதில்லை. முதுகலை மாணவரின் கட்டணத்தை ஏற்பதாக அரசே அறிவித்துள்ளது. படிவ மாற்றத்திற்கும் வருகை விலக்கிற்கும் செலவே இல்லை. ஆய்வு உதவித்தொகை மட்டுமே செலவுடையது. அதன் அளவு சிறிது. நெருக்கடியில் உள்ள பல்கலைக்கழகம் தன்னைக் காக்குமாறு பொதுமக்களிடமும் அரசிடமும் வேண்டும்போது, தான் யாருக்காக நிற்கிறது என்பதைச் செயலில் காட்டுவது அவ்வேண்டுகோளுக்கு வலுச்சேர்க்கும்.

உள்ளூர் ஏழை மாணவரே இடர்ப்படும்போது இவர்களுக்குத் தனிச்சலுகை ஏன் என்பது மற்றொன்று. உள்ளூர் ஏழை மாணவரின் இடர் உண்மையானது. அவருக்கு இட ஒதுக்கீடும் உதவித்தொகையும் அரசுப்பணிக் கனவும் வாக்குச்சீட்டும் உள்ளன. அவை போதாதபோது கேட்டுப் பெறும் உரிமையும் உள்ளது. முகாம் மாணவருக்கு இவற்றுள் பெரும்பாலானவை இல்லை. ஒருவருக்குரியதை எடுத்து மற்றவருக்கு வழங்குமாறு இக்கட்டுரை கூறவில்லை.

குடியுரிமை இன்றிப் பட்டம் பெற்று என்ன பயன் என்பது மூன்றாவது. இவ்வினாவை முகாம் இளைஞரே எழுப்புகின்றனர் என்பதால் இது கனமானது. பொறியியல் பட்டம் பெற்றும் பெயின்ட் அடிக்கச் செல்லும் அண்ணனைக் கண்ட தம்பி பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்துவதில் ஒரு கணக்கு இருக்கிறது. அக்கணக்கைப் பொய்யாக்கும் ஆற்றல் பல்கலைக்கழகத்திடம் முழுமையாக இல்லை. எனினும் பட்டம் இந்நாட்டிலேயே தங்கிவிடும் பொருளன்று. இலங்கைக்குத் திரும்புவோருக்கும் வேறு நாடு செல்வோருக்கும் உடன்வரும் உடைமைகளுள் அது தலையானது. நாளை குடியுரிமை கிட்டினால், அன்று தகுதியோடு நிற்பதற்கும் இன்றே படித்திருத்தல் வேண்டும். சட்டம் மாறும்வரை கல்வியை ஒத்திவைத்தால், 1991-இல் இழந்ததைப் போன்று மற்றொரு தலைமுறையை இழப்போம்.

நிறைவுரை

மதுரை காமராசர் பல்கலைக்கழகம் தோன்றியது, தொலைவில் இருந்த சென்னையை நோக்கி நடந்த தென்னாட்டு மாணவரின் சுமையைக் குறைப்பதற்காக. அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியதும் வகுப்பறைக்கு வர இயலாதவரிடம் வகுப்பறையைக் கொண்டுசெல்வதற்காகவே. இன்று அதன் எல்லைக்குள், பேருந்தில் வந்துவிடக்கூடிய தொலைவிலேயே, விண்ணப்பத்தின் ஒரு கட்டத்தைத் தாண்ட இயலாமல் நிற்கும் மாணவர் உள்ளனர். அவர்களின் எண்ணிக்கை பெரிதன்று. அவர்களுக்காகச் செய்ய வேண்டிய மாற்றமும் பெரிதன்று. அடுத்த கல்வியாண்டு அனுமதி அறிவிக்கை வெளிவருவதற்கு முன் ஆட்சிக்குழு ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் முதல் இரண்டு பரிந்துரைகளும் நடைமுறைக்கு வந்துவிடும். தமிழ்த்துறையிலிருந்தே அதற்கான முன்மொழிவு செல்வது முறையாகும்.